நியூயார்க் கணக்கும் மதுரை வெயிலும்

அன்புள்ள தம்பிக்கு,

பிசையாமல் சுடுகிற ரொட்டி குறுக்கு வழிதானே, அதை விலைக்கு விற்றால் தொழில் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டிருக்கிறாய். பேக்கரியில் காலமெல்லாம் மாவு அடித்த உன் மாமா ஏதோ சொல்லியிருக்கிறார் என்று கேள்வியிலேயே தெரிகிறது. அவரோடு வாதாடாதே. அவர் போட்ட பன்னுக்கும் மில்க் பிரெட்டுக்கும் பிசைந்துதான் ஆக வேண்டும். நீ சுட நினைப்பது வேறு: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கே நான்கு சேர்ந்து, மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பெரிய பெரிய துளைகளோடும் வருகிற ரொட்டி. யாழ்ப்பாணத்து ரோஸ் பாணையோ புதுச்சேரியின் பிரெஞ்சு ரொட்டியையோ சாப்பிட்டவர்களுக்கு மொறுமொறுப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் முதலில் "பல்லு போயிரும் போலிருக்கே" என்பார்கள். சொல்லட்டும். பாயாவோடு ஒரு துண்டு கொடுத்துப் பார், பேச்சு நின்றுவிடும்.

இந்த முறையை ஊரறியச் செய்தவர் தொழில் தெரியாதவர் இல்லை. ஜிம் லேஹி 1994-இல் நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியைத் தொடங்கியவர். தன் வழியை நான்கு வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும் என்று அவர் சமையல் பத்தி எழுத்தாளர் மார்க் பிட்மனுக்கு எழுத, பிட்மன் அதை 2006 நவம்பர் 8 அன்று நியூயார்க் டைம்ஸில் கட்டுரையாக்கினார். அமெரிக்காவில் அதுவரை ரொட்டி சுட்டே பழகாத வீடுகளிலும் சட்டியை ஓவனுக்குள் வைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பும் பிசையாத ரொட்டி உண்டு; இங்கிலாந்தில் டோரிஸ் கிராண்ட் 1944-இல் வெளியிட்ட முழுக்கோதுமை ரொட்டிக்கும் பிசைதல் கிடையாது. ஆனால் அது தகர அச்சில் சுடுகிற ரொட்டி. நீண்ட நேர நொதித்தலையும் சூடேறிய மூடிய சட்டியையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் லேஹியின் கெட்டிக்காரத்தனம்.

குறுக்கு வழி எது என்று யாராவது கேட்டால் சார்லிவுட்டைச் சொல். 1961-இல் இங்கிலாந்தின் சார்லிவுட்டில் இருந்த ரொட்டி ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். அசுர வேகத்தில் சுழலும் எந்திரத்தில் மாவைச் சில நிமிடங்கள் அடித்து, ஈஸ்ட்டைக் கூட்டி, கொழுப்பும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால், மணிக்கணக்கில் புளிக்க வைக்காமலே ரொட்டி எழும்பிவிடும். உள்ளூரில் விளைகிற புரதம் குறைந்த கோதுமையே போதும் என்பது ஆலைக்காரர்களுக்குக் கூடுதல் லாபம். இன்று பிரிட்டனில் விற்கிற ரொட்டியில் பெரும்பங்கு இந்த வழியில் வருவதுதான். அங்கே மின்சாரத்தைச் செலவழித்து நேரத்தை மிச்சம் பிடித்தார்கள். லேஹி நேரத்தைச் செலவழித்து உழைப்பை மிச்சம் பிடித்தார். மாவை அளவுக்கு மீறி எந்திரத்தில் அடித்தால் காற்றுப் பட்டு அதன் இளமஞ்சள் நிறமும் ருசியும் போய்விடுகின்றன என்று பிரான்சின் ரொட்டி அறிஞர் ரேமோன் கல்வேல் சொல்லிக்கொண்டே இருந்தார். உன் ரொட்டியை வெட்டியதும் உள்ளே தெரிகிற லேசான தந்த நிறம் அவர் சொன்ன அந்த நிறம்தான்.

பிசையாமல் எப்படி மாவு திரள்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள், வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள். தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து குளூட்டன் என்கிற இழுபடும் வலையாகின்றன. பிசைவது அந்தச் சேர்க்கையை அவசரப்படுத்துவது, அவ்வளவுதான். மாவு நன்றாக இளகியிருந்தால் இழைகள் தாமாக நகர்ந்து கோத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஈஸ்ட் விடுகிற குமிழிகள் உள்ளேயிருந்தே மாவை மெல்ல இழுத்துக் கொடுக்கின்றன. இளகல் இல்லாமல் கெட்டியாகக் கலந்துவிட்டு எவ்வளவு நேரம் வைத்தாலும் இந்த வேலை சரியாக நடக்காது.

லேஹி 2009-இல் எழுதிய புத்தகத்தில் கணக்கு எடையில் இருக்கிறது: 400 கிராம் மாவு, 300 கிராம் தண்ணீர், 8 கிராம் உப்பு, 1 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கப் கணக்கை இன்றோடு விட்டுவிடு. ஒரே கப்பில் அமுக்கி அள்ளினால் ஓர் எடை, தூவி நிரப்பினால் ஓர் எடை. டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கு. சட்டிக்கு முன்னால் வாங்க வேண்டியது அது.

அவருடைய மாவு அமெரிக்க பிரெட் மாவு, புரதம் சுமார் 12, 13 சதவீதம். நம் கடை மைதா பெரும்பாலும் 9 முதல் 11-க்குள். பாக்கெட்டின் பின்பக்கம் நூறு கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்து வாங்கு. புரதம் குறைந்த மாவு அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. 400 கிராம் மைதாவுக்கு 280 கிராமில் ஆரம்பி. ஐந்தில் ஒரு பங்கு கோதுமை மாவு கலந்தால் ருசி கூடும், தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். முழுக்கக் கோதுமை மாவிலேயே செய்தால் உடம்புக்கு நல்லதே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். தவிடு குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். அது வேறு ரொட்டி, வேறு ருசி, இப்போதைக்கு வேண்டாம்.

இனி உன் முக்கியமான பிரச்சினைக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில் ரொட்டி தட்டையாகப் பரந்து, அடியில் பிசுபிசுப்பாக இருக்கிறது. சொன்னபடி பதினெட்டு மணி நேரம் வைத்தேன் என்கிறாய். சொன்னபடி வைத்ததுதான் தப்பு. லேஹியின் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் என்பது சுமார் 21 டிகிரி இருக்கிற நியூயார்க் வீட்டுக்கு உரிய கணக்கு. ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் ஈஸ்ட்டின் வேகம் இரட்டிப்பாகும். உன் மதுரை அடுக்களை சித்திரை மாதம் ராத்திரியிலும் 31, 32-க்குக் கீழே இறங்குமா? அங்கே பதினெட்டு மணி நேரம் வைத்த மாவு எப்போதோ எழும்பி, அமர்ந்து, தன் வலையைத் தானே கரைத்துக்கொண்டிருக்கும். மார்கழியில் இட்லி மாவு பொங்க ராத்திரி முழுக்க ஆகிறது, சித்திரையில் நாலைந்து மணி நேரத்தில் பாத்திரம் வழிகிறது. உன் அம்மா கடிகாரத்தைப் பார்த்தா அதை ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கிறார்?

கண்ணாடிப் பாத்திரத்தில் வை. மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் ஒன்று போடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு மடங்கு ஏறி, மேலே குமிழிகள் தெரிந்து, பாத்திரத்தை ஆட்டினால் மொத்தமும் தளதளவென்று அசைந்தால் தயார். பக்கவாட்டில் பார், பெரியதும் சிறியதுமாய்க் குமிழிகள் தெரிய வேண்டும். முகர்ந்தால் லேசான புளிப்பும் கள் வாடையும் வரும். நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் நீர் கசிந்து, வாடை மூக்கில் ஏறினால் நேரம் கடந்துவிட்டது. அதை ரொட்டியாக்கப் போராடாதே. தட்டில் எண்ணெய் தடவிப் பரத்தி, விரலால் குழி குழியாக அமுக்கி, உப்பும் பூண்டும் தூவிச் சுட்டுவிடு. வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வெயில் காலத்தில் உனக்கு இரண்டு வழி உண்டு. ஈஸ்ட்டை இரண்டு விரல் நுனியில் எடுக்கிற அளவுக்குக் குறைத்து, ஐஸ் தண்ணீரில் கலந்து, ராத்திரி பத்து மணிக்கு வைத்து விடிகாலையில் பார்ப்பது ஒன்று. ஒரு கிராமே போட்டு, இரண்டு மணி நேரம் வெளியே விட்டு, பிறகு ஃபிரிட்ஜில் தள்ளி மறுநாள் எடுப்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குளிரில் ஈஸ்ட் தூங்கினாலும் ருசி வளர்ந்துகொண்டே இருக்கிறது. குளிர்ந்த மாவைக் கையாள்வதும் எளிது. எந்த வழியானாலும் அடுக்களையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, வெப்பம், ஈஸ்ட் அளவு, எத்தனை மணிக்கு இரட்டிப்பானது ஆகிய மூன்றையும் நோட்டில் எழுது. ஐப்பசி வரும்போது லேஹியின் அட்டவணையைவிட உன் நோட்டுத்தான் உனக்கு உதவும்.

இன்னொரு காரியமும் செய். ஒரு தடவை இதே அளவுகளோடு, தண்ணீரை மட்டும் கொஞ்சம் குறைத்து, கையால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசைந்து ஒரு ரொட்டி சுடு. உன் மாமா பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பிய்ந்துபோன மாவு எப்படி வழுவழுப்பாகிறது, ஒரு துண்டை விரல்களுக்கு நடுவே இழுத்தால் கிழியாமல் எப்படி வெளிச்சம் தெரிகிற சவ்வாகிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். பிசையாமலே ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போகிறது. அதனால் மாவு சரியாக இல்லை என்றால் எங்கே கோளாறு என்று சொல்ல முடிவதில்லை.

எழும்பிய மாவை அரிசி மாவு தூவிய துணியில் கவிழ்த்து, நாலு பக்கமும் நடுவுக்கு மடித்து, மடிப்புப் பக்கம் கீழே இருக்க உருட்டி வை. அரிசி மாவு தண்ணீரை எளிதில் இழுக்காது, அதனால் ஒட்டாது. மறுபடி எழும்ப நம் ஊரில் முக்கால் மணி முதல் ஒரு மணி போதும். விரலால் அமுக்கிய குழி மெதுவாக, பாதி அளவு மேலே வந்தால் ஓவனுக்குப் போகலாம்.

அதற்கு அரை மணிக்கு முன்பே சட்டி மூடியோடு 230 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்க வேண்டும். பெரிய பேக்கரி ஓவன்களில் நீராவி பாய்ச்சுகிற குழாய் உண்டு. நம் வீட்டு ஓ.டி.ஜி.யில் அது கிடையாது. மூடிய சட்டியில் மாவிலிருந்து கிளம்புகிற ஆவியே அந்த வேலையைச் செய்கிறது. மேல்பரப்பு உடனே காய்ந்து இறுகாமல் ஈரமாக இருப்பதால் ரொட்டி கடைசியாக ஒரு முறை எழும்ப முடிகிறது. மேலிருக்கும் ஸ்டார்ச் வெந்து கூழாகி, மூடியைத் திறந்ததும் கண்ணாடிபோல் இறுகி மொறுமொறுப்பாகிறது. மூடிய சட்டியில் ரொட்டி சுடுவது ரோமாபுரிக்காரர்களுக்கே தெரிந்த கதை, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் மண் மூடியின் கீழே ரொட்டி சுடுகிற குறிப்பு இருக்கிறது.

ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கிற வெளிநாட்டுச் சட்டி தேவையா என்று கேட்டாய். தேவையில்லை. தடித்த வார்ப்பிரும்புச் சட்டி, பொருந்துகிற மூடி, அவ்வளவுதான். மூடிக் குமிழ் பிளாஸ்டிக்காக இருந்தால் கழற்றி இரும்பு போல்ட் போடு. முதலில் சட்டி உன் ஓவனுக்குள் போகுமா என்று உயரத்தை அளந்து பார். போகவில்லை என்றால் சின்னச் சட்டி, பாதி மாவு. பிரஷர் குக்கரை ஓவனுக்குள் வைக்காதே, அதன் கைப்பிடிகள் அந்தச் சூட்டுக்குச் செய்தவை அல்ல. மாவைச் சட்டிக்குள் இறக்க, பேக்கிங் பேப்பர் என்று போட்டிருப்பதை மட்டும் வாங்கு. இனிப்புக்கடையில் சுற்றித் தருகிற பட்டர் பேப்பர் ரொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டியே பொழுது போகும்.

முப்பது நிமிடம் மூடி வேகட்டும், பிறகு திறந்து பதினைந்து முதல் முப்பது நிமிடம். எல்லோரும் பொன்னிறத்தில் பயந்து எடுத்துவிடுகிறார்கள். நீ இன்னும் விடு. நல்ல காப்பிப் பொடி நிறம், ஓரங்களில் ஒன்றிரண்டு இடத்தில் கருப்பு. ருசி அங்கேதான் இருக்கிறது. அடியில் தட்டினால் உள்ளே கூடாக இருக்கிற சத்தம் கேட்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் கம்பித் தட்டில் வைத்துக் காதைக் கொண்டுபோ. மேலோடு சுருங்கிச் சடசடவென்று வெடிக்கும். ஒரு மணி நேரமாவது வெட்டாதே. உள்ளே இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கிறது, சூட்டில் வெட்டினால் கத்தியில் பசைதான் வரும். ஈரக் காற்றில் சாயங்காலத்துக்குள் மேலோடு மெத்தென்று ஆகிவிடும். அது உன் குறை இல்லை என்று வாங்குகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு: 200 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் காட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகும். பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தராதே, பிரவுன் பேப்பர் போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் ரொட்டி இன்னும் சீக்கிரம் வறண்டு போகும். மிஞ்சினால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொல்.

விற்கப் போகிறாய் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்களில், ஒன்றிரண்டு நாள் ஆன ரொட்டியின் உள்பக்கம் பிசுபிசுத்து, பிட்டால் நூல் நூலாக இழுக்கலாம்; அழுகிய பழ வாடை அடிக்கும். மாவோடு வருகிற பாசில்லஸ் கிருமியின் வித்துகள் ரொட்டியின் நடுப்பகுதிச் சூட்டில் சாகாமல் தப்பிப்பதால் வருவது அது. அந்த ரொட்டியைக் குப்பையில் போடு, பிரெட் தூள் ஆக்காதே. பாத்திரங்களையும் மேடையையும் சுடுநீரில் கழுவி வினிகர் போட்டுத் துடை. மழைக்காலத்தில் 400 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்த்துவிட்டால் அந்தப் புளிப்பில் அது சுலபமாகத் தலையெடுக்காது. அன்றன்று சுட்டதை அன்றன்றே கொடு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள மறக்காதே, வீட்டு அடுக்களை என்றாலும் அது வேண்டும்.

விலை போடும்போது மின்சாரத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்றரைக் கிலோவாட் ஓவன் சட்டியைக் காய்ச்சவும் ஒரு ரொட்டி சுடவும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் இரண்டே கால் யூனிட். அடுத்த ரொட்டியையும் அதே சூட்டில் போட்டால் அதற்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும். ஆகவே ஒற்றை ரொட்டி ஆர்டருக்கு ஓவனைப் போடாதே. இரண்டாவது மாவை உருட்டி ஃபிரிட்ஜில் வைத்திரு. முதல் ரொட்டிக்கு மூடியைத் திறக்கிற நேரத்தில் அதை வெளியே எடு. முதலாவது வந்ததும் சட்டியை மூடி ஐந்து நிமிடம் மறுபடி காயவிட்டு இதைப் போடு. அடுத்த வாரம் இப்படி இரண்டு சுட்டு, இரண்டையும் குறுக்கே வெட்டிப் படம் அனுப்பு. நோட்டில் எழுதியதையும் சேர்த்து அனுப்பு, வெறும் படத்தை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது.

அன்புடன்,
அக்கா