பருந்தும் போர் விமானமும்

கச்சிராயபாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கி, கோமுகி அணைப் பக்கம் நடந்து, கல்வராயன் மலையைப் பார்த்தபடி நில்லுங்கள். முற்பகல் பத்து மணியளவில் கரும்பருந்துகள் சிறகை அசைக்காமலேயே வட்டமிட்டு வட்டமிட்டு மேலே ஏறுவதைக் காணலாம். அதே பருந்துகள் அதிகாலையில் மரக்கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

விடை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் சூடாகி விரிவடைகிறது. அடர்த்தி குறைந்து மேலே எழுகிறது. இதுவே வெப்பச் சலனம். எழும் காற்றுக்குள் பருந்து சிறகை விரித்து வட்டமிடுகிறது; செலவில்லாமல் உயரே போய்விடுகிறது.

கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் இதுவே ஒரு போர் விமானத் தளத்தின் மேலே நிகழ்ந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். வெயிலில் ஓடுபாதை சுற்றியுள்ள பசுமையான வயலைவிட அதிகமாகச் சூடாகும். அங்கே எழும் காற்று பருந்துக்கு மிகவும் வசதி.

தமிழ்நாட்டில் சூலூர், தஞ்சாவூர், தாம்பரம் ஆகிய ஊர்களில் விமானப் படைத் தளங்கள் உள்ளன. கடற்படையின் விமானத் தளங்களில் ஒன்று அரக்கோணத்திலும், இன்னொன்று இராமநாதபுரம் அருகே உச்சிப்புளியிலும் இருக்கின்றன. முன்னது 1992இல் தொடங்கியது. அதன் பெயர் ராஜாளி. பின்னதற்கு 2009இல் சூட்டிய பெயர் பருந்து! பறவையின் பெயரைத் தாங்கிய தளங்களும் பறவையைக் கண்டு எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

முக்கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பறவை, பல டன் எடையுள்ள இரும்புப் பறவையை என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம்.

பருந்தின் நிறை 0.8 கிலோகிராம் எனக் கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சைக்கிளில் செல்பவர் மீது அது மோதினால், இயக்க ஆற்றல் ½ × 0.8 × 5 × 5 = 10 ஜூல். ஆள் திடுக்கிடுவார்; அவ்வளவுதான்.

விமானத்தின் வேகம் விநாடிக்கு 150 மீட்டர், அதாவது மணிக்கு 540 கிலோமீட்டர் என்க. வேகம் 30 மடங்கு. ஆனால் ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது 900 மடங்காகி 9,000 ஜூல் ஆகிறது. 60 கிலோ மூட்டை ஒன்று 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆற்றலோ, அதே ஆற்றல்!

விசையையும் பார்த்துவிடுவோம். பருந்தின் உடல் நீளம் 0.3 மீட்டர் என்றால், மோதல் நீடிக்கும் நேரம் 0.3 ÷ 150 = 0.002 விநாடி. உந்த மாற்றம் 0.8 × 150 = 120 அலகு. இதை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 60,000 நியூட்டன். ஏறத்தாழ 6 டன் எடை ஒரு கணம் அந்த இடத்தில் அழுத்துவதற்குச் சமம். ஜெட் இயந்திரத்தின் சுழலும் தகடு வளைவதிலும் முறிவதிலும் வியப்பில்லை அல்லவா?

நடந்தவை இரண்டு

2019 ஜூன் 27 அன்று ஹரியானா மாநிலம் அம்பாலா தளத்திலிருந்து கிளம்பிய ஜாகுவார் விமானத்தில் பறவை மோதி, ஓர் இயந்திரம் செயலிழந்தது. விமானி கூடுதல் எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு எடையைக் குறைத்தார். மீதமிருந்த ஓர் இயந்திரத்தின் துணையால் பத்திரமாகத் தரையிறங்கினார்.

அலாஸ்காவில் எல்மெண்டார்ஃப் தளத்தில் நடந்ததோ வேறு. 1995 செப்டம்பர் 22 அன்று, கிளம்பிய உடனேயே அமெரிக்கக் கண்காணிப்பு விமானம் ஒன்று கனடா வாத்துக் கூட்டத்தில் புகுந்தது. நான்கு இயந்திரங்களில் இடப்புறத்து இரண்டும் கெட்டன. உள்ளே இருந்த 24 பேரும் மாண்டனர். வாத்துகள் ஓடுபாதை அருகே இருந்தது கோபுரத்தில் இருந்தவருக்குத் தெரியும், விமானிக்குச் சொல்லப்படவில்லை.

சுட்டுவிட்டால் தீராதா?

தீராது. உணவு இருக்கும் வரை, சுட்ட பறவையின் இடத்துக்கு வேறொன்று வரும். வெடிச் சத்தம் போட்டு விரட்டலாம். ஆனால் தினமும் அதே சத்தம் கேட்டால் பறவை பழகிவிடும். மயில் போன்றவையோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. ஆகவே பறவை ஏன் வருகிறது என்று கேட்பதே அறிவியல் வழி.

1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்திய விமான நிலையங்களில் இக்கேள்வியை ஆராய்ந்தது. அன்று பெரிய அபாயமாக இருந்தவை பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகும் பருந்தும். அவற்றை இழுத்தவை இறைச்சிக் கழிவும் குப்பை மேடும். 1990களில் டைக்குளோஃபெனாக் என்ற மருந்து ஏற்றிய மாடுகளின் உடலைத் தின்று பாறுகள் பெருவாரியாக மடிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்து தருவது 2006இல் தடைசெய்யப்பட்டது. பாறு போனதால் தொல்லை ஒழிந்ததா? இல்லை. அவை தின்று தீர்த்த கழிவு அப்படியே கிடக்க, தெருநாய்கள் பெருகின. ஓடுபாதையில் ஓடும் நாயும் ஓர் அபாயமே.

எனவே தளத்துக்குள் செய்ய வேண்டிய வேலைகள் பல. தேங்கும் நீரை வடிக்க வேண்டும். குப்பையை மூடி வைக்க வேண்டும். பழமரங்களை ஓடுபாதை அருகே நடக்கூடாது. மழைக்குப் பின் ஈசல் கிளம்பும்போது பருந்துகள் கூடும்; அந்நேரம் விழிப்பு கூடுதலாக வேண்டும். திறந்த வெளியில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவிக்குக் குட்டையான புல்தான் பிடிக்கும். பிரிட்டனில் புல்லை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரவிட்டு இத்தகைய பறவைகளைக் குறைத்தார்கள். ஆனால் உயர்ந்த புல்லில் எலி பெருகினால் பருந்து வரும். ஆகவே அந்தந்த ஊர்ப் பறவைகளைப் படித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு வழி, பறவைக்கு நாம் வழிவிடுவது. ஆண்டுக்கு இருமுறை சுமார் 50 கோடிப் பறவைகள் இஸ்ரேலின் வான்வழியே வலசை போகின்றன. 1980களில் மிதவை விமானத்தில் அவற்றுடனேயே பறந்து, எந்தப் பருவத்தில் எந்த உயரத்தில் எந்த வழியே செல்கின்றன என்று குறித்தார்கள். அந்த அட்டவணைப்படி போர் விமானங்களின் பயிற்சியை மாற்றியதும் மோதல்கள் பெரிதும் குறைந்தன. விமானியும் பிழைத்தார், பறவையும் பிழைத்தது.

வேலிக்கு வெளியே

தளத்தின் வேலி நாயைத் தடுக்கும், பருந்தைத் தடுக்குமா? வேலிக்கு வெளியே இறைச்சிக் கடைக்காரர் குழியில் கொட்டும் கழிவு, பருந்துக்கு விருந்து. இதனால்தான் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில், விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பையைக் கொட்டுவது தடைசெய்யப்பட்டது. தளத்தின் காவலர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், ஊர்க்காரர் ஒத்துழைக்காவிட்டால் பயனில்லை. சூலூரிலோ தஞ்சாவூரிலோ படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். நீங்கள் மூடிவைக்கும் குப்பைத் தொட்டி ஒரு விமானியின் உயிரைக் காக்கலாம்.

செய்து பாருங்கள்

1. 2 கிலோகிராம் நிறையுள்ள பறவை, விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தில் மோதுகிறது. இயக்க ஆற்றல் என்ன? (விடை: 10,000 ஜூல்)

2. ஒரு வாரம், காலை 7 மணி முதல் 11 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் வானில் வட்டமிடும் பருந்துகளை எண்ணுங்கள். அந்நேர வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பை வரைபடமாக்குங்கள்.

3. உங்கள் ஊரின் இறைச்சிக் கழிவு எங்கே போகிறது என்று விசாரியுங்கள். அங்கே எந்தெந்தப் பறவைகள் வருகின்றன?