டுபாய் எவ்வளவு தூரம்?



மகளை டுபாய்க்கு அனுப்பிய தாய் ஒருவர் அழுதபடி என்னிடம் வந்தார். "ஐயா, காலையில பத்து மணிக்கு பிளேன் ஏறின புள்ள. மூணு மணியாச்சு, ஒரு கோலும் வரல்லையே!"

கணக்கைப் பார்ப்போம். ஹட்டனிலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். பஸ்ஸில் 4 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். கொழும்பிலிருந்து டுபாய் சுமார் 3,300 கிலோமீற்றர், 25 மடங்கு தூரம். விமானமோ ஏறக்குறைய 5 மணித்தியாலத்தில் போய்விடும்.

அப்படியானால் பிள்ளை இறங்குவதே நமது நேரம் 3 மணிக்குத்தான். அங்கே அப்போது பகல் 1.30. அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. பாஸ்போட் காட்டி, பெட்டி எடுத்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கும். ஆகவே 5 மணி வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் செய்தி இல்லாவிட்டால் ஏஜென்சியைக் கேளுங்கள். விமான இலக்கத்தையும் ஏஜென்சி தொலைபேசி இலக்கத்தையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

இன்னொன்று. நாம் பெரட்டுக்குப் போகும் காலை 6 மணி, பிள்ளைக்கு விடியற்காலை 4.30. அந்த நேரம் கோல் எடுத்து எழுப்ப வேண்டாம். அவளுக்கு ஓய்வான நேரத்தைக் கேட்டு, ஒன்றரை மணித்தியாலம் கூட்டி எடுங்கள்.

அந்தத் தாய்க்கு அன்று ஐந்து மணிக்கு முன்பே கோல் வந்துவிட்டது.