கின்னிக்கோழிக்குப் புழக்கடைக் கூடு: மரக்காணம் கடற்கரைக் கிராமத்தார்க்கு ஒரு பாடம்

மரக்காணம் உப்பளங்களை அண்டியும், அவற்றிற்குத் தெற்கே ஆரோவில்லைச் சூழ்ந்த செம்மண் மேட்டிலும் குடியிருக்கும் அங்கத்தினர்க்கு வருஷத்தில் மிகவும் கஷ்டமான காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களாகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. உப்பளக் கூலி நின்றுவிடுகிறது. அக்காலத்தில் கைகொடுக்கக்கூடிய உபதொழில்களுள் கின்னிக்கோழி வளர்ப்பும் ஒன்று.

இப்பறவை ஆப்பிரிக்கா கண்டத்தைப் பூர்வீகமாக உடையது. புழு பூச்சிகளைத் தானே தேடி உண்ணும். அந்நியர் வந்தால் உரத்த குரலில் கூவி அறிவிக்கும். இஜ்ஜத்நகரில் 1979-ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தார் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என்னும் வகைகளை நம் நாட்டுக்கு ஏற்றவாறு உருவாக்கியுள்ளனர். முட்டை ஏறக்குறைய 40 கிராம் எடையுள்ளது. ஓடு தடித்திருப்பதால் வண்டியில் ஏற்றிச் செல்லுங்கால் எளிதில் உடையாது.

இங்கே ஒரு விஷயத்தை நன்கு கவனிக்க வேண்டும். கின்னிக்கோழி பெரும்பாலும் பங்குனி முதல் புரட்டாசி வரையிலேயே முட்டையிடும். உப்பு விளையும் காலமும் அதுவே. ஆகவே மழை மாதங்களில் முட்டையை நம்புதல் கூடாது. சித்திரை, வைகாசியில் பொரித்த குஞ்சுகள் தீபாவளியை ஒட்டிக் கிலோ எடையை அடைந்து விற்பனைக்குத் தயாராக இருக்கும். அப்போது அவற்றை விற்று வரும் பணமே கூலியற்ற நாட்களுக்கு உதவும். அதே சமயத்தில்தான் புயலும் வருகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலும், 2020 நவம்பர் 25-ஆம் தேதி இரவு நிவர் புயலும், 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயலும் இக்கரையையே தாக்கின. ஆதலின் கூடு அந்த மூன்று மாதத்து இராத்திரிகளை உத்தேசித்தே கட்டப்பட வேண்டும்.

1. இடமும் அளவும்

புழக்கடையில் தண்ணீர் தேங்காத மேட்டைத் தெரிந்துகொள்க. முறிந்து விழக்கூடிய மரத்தின் கீழும், அயல் வீட்டார் உறங்கும் அறைக்கு அருகிலும் கட்டலாகாது. இப்பறவையின் கூச்சல் மனஸ்தாபத்தை உண்டாக்கும்.

பறவை ஒன்றுக்கு 3 சதுர அடி தரை வேண்டும். 2 சேவலும் 10 பெட்டையுமாக 12 பறவைகளுக்கு, கிழக்கு மேற்காக 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கூடு போதும். உயரம் 6 அடிக்குக் குறையலாகாது. தரையைச் செங்கல் வைத்து இரண்டடி உயர்த்தி, 3 அங்குலக் கனத்திற்கு உமி பரப்புக. உப்பளத்து மணலைப் பரப்பக் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தரையை எப்போதும் நனைந்த நிலையில் வைத்திருக்கும்.

2. கால்களும் கூரையும்

கால்களுக்குச் சவுக்குக் கழிகள் மிகவும் ஏற்றவை. மண்ணுள் புதையும் பாகத்திற்குத் தார் பூசி, இரண்டடி ஆழம் நடுக. கூரைக்குப் பனையோலை வேய்ந்து, இறவாரத்தை இரண்டடி வெளியே நீட்டுக. கட்டுக்களுக்கு ஆணியைவிடத் தென்னங்கயிறே மேல். கடற்காற்றில் சாதாரண ஆணி விரைவில் துருப்பிடிக்கும். ஐப்பசி பிறக்குமுன் கூரையின்மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு, நுனிகளைத் தரையில் அடித்த முளைகளில் இறுகக் கட்டுக.

3. சுவர்களும் வலையும்

வடபுறம் அடைத்த சுவராக இருக்கட்டும். தென்புறம் காற்றோட்டத்திற்காக வலையிடுக. கிழக்கிலும் மேற்கிலும் பாதி சுவரும் பாதி வலையும் அமைத்து, ஓலைத் தட்டி தொங்கவிடுக. தென்புறத்திற்கும் ஒரு தட்டி கைவசம் இருத்தல் அவசியம். ஏனெனில் புயலின் மையம் கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும். வடக்கை மட்டும் அடைத்தவன் அப்போது ஏமாறுவான்.

வலை துத்தநாகம் பூசியதாகவும், கண் அரை அங்குலமாகவும் இருக்க வேண்டும். அகன்ற கண்ணுள்ள வலையில் பாம்பு நுழையும். கீரி மண்ணைப் பறித்து வராதபடி வலையின் அடிப்பாகத்தை ஓரடி ஆழம் புதைக்க வேண்டும்.

4. உட்கார் கழிகள்

கின்னிக்கோழி இராத்திரியில் எட்டக்கூடிய உயரமான இடத்தையே நாடும். ஆகவே தரையிலிருந்து 4 அடி உயரத்தில், இரண்டு அங்குலப் பருமனுள்ள 8 அடிக் கழிகள் இரண்டினை ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவிட்டுப் பொருத்துக. பறவைக்கு ஓரடி வீதம் இடம் கிடைக்கும். கழியை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால் மேற்கழிக்காகச் சண்டையிடும்.

5. கூட்டில் பழக்குதல்

நல்ல கூட்டைக் கட்டியும் பலர் பறவையை இழப்பது இவ்விஷயத்திலேதான். வாங்கிவந்த மறுநாளே திறந்துவிட்டால் அவை மரத்திலேறித் தங்கிவிடும். காட்டுப்பூனைக்கும் புயலுக்கும் இரையாகும். கூடு முடிந்தபின்பே பறவை வாங்குக. இளம் பறவைகளை ஆறு வாரம் உள்ளேயே வைத்துப் போஷிக்க வேண்டும். பின்னர் மாலையில் இரண்டொன்றை மட்டும் வெளிவிடுக. மற்றவை உள்ளேயிருந்து கூவ, இவை திரும்பி வரும். அந்தி நேரத்தில் ஒரு பிடி கம்பை எப்போதும் கூட்டினுள்ளேயே இறைக்க வேண்டும். இருண்ட அறைக்குள் நுழைய இப்பறவை அஞ்சுமாதலால், அடையும் வரை உள்ளே ஒரு விளக்கு எரியட்டும்.

முட்டையிடும் பருவத்தில் நண்பகலுக்குப் பின்பே வெளிவிடுக. இல்லையேல் புதரில் மறைத்து இடும். அடைவைக்க நாட்டுக்கோழி உதவும். பொரிக்க 26 முதல் 28 நாள் செல்லும். கோழி முட்டைக்கோ 21 நாளே. இரண்டையும் கலந்து வைத்தலாகாது. குஞ்சுகள் ஈரத்தால் எளிதில் மடியும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இட்டு வைக்க வேண்டும்.

6. தண்ணீரும் நோயும்

உவர்நீர் குஞ்சுகளுக்கு நஞ்சு போன்றது. நாம் பருகும் நீரையே வைக்க வேண்டும். கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வலசை வரும் நீர்ப்பறவைகளோடு நம் பறவைகள் கலத்தல் பறவைக் காய்ச்சலுக்கு இடமாகும். தீனியும் தண்ணீரும் கூரையின் கீழேயே இருக்கட்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்குக் கால்நடை மருந்தகத்தாரை அணுகுக.

7. சங்கம் செய்யத்தக்கது

மார்த்தாண்டத்தில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம், கோழி வளர்ப்போர் முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கும் வழியைக் காட்டிற்று. தனியொருவர் பத்து முட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோவதில் லாபமில்லை. இருபது வீட்டார் சேர்ந்தால் வியாபாரி வாசலுக்கு வருவான். வலையையும் கயிற்றையும் சங்கத்தின் மூலமே மொத்தமாக வாங்கினால் செலவு குறையும்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் பங்குனிக்குள் கூட்டைக் கட்டி முடிப்பாராக. புரட்டாசிக் கடைசியில் சங்கக் காரியஸ்தர் இருவர் வீடுதோறும் சென்று கயிறு, தட்டி, வலை ஆகிய மூன்றையும் பரிசோதித்தல் நலம். அம்மூன்றும் சரியாக இருந்தால், பாத்திகள் மூழ்கியிருக்கும் நாட்களிலும் அவ்வீட்டில் அடுப்பு எரியும்.