ஆண் குழந்தைக்கு அரிதான கேலிக் பெயர்: தேடிக் கண்டெடுக்கும் வழி

ஆண் குழந்தைக்கு அதிகம் பேர் வைக்காத கேலிக் பெயர் வேண்டும் என்று தேடுகிறவர்கள் முன்னால் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஊரறிந்த பெயரை எடுத்து, எழுத்தைத் திருகிப் புதிதாகக் காட்டுவது ஒன்று. வழக்கொழிந்த பழைய பெயரைத் தேடி எடுத்து மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது இன்னொன்று. முதலாவது சுலபம், இரண்டாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் இந்தப் பெயர்கள் யாருக்கும் பிடிக்காமல் போய் மறைந்தவை அல்ல. ஆட்சியும் சட்டமும் பள்ளிக்கூடமும் ஆங்கிலத்துக்கு மாறிய காலத்தில், பதிவேட்டில் கேலிக் பெயருக்குப் பதிலாகக் காதுக்குக் கொஞ்சம் ஒத்துவந்த ஆங்கிலப் பெயர் ஏறியது. வீட்டில் தைக், ஏட்டில் திமோத்தி. அதேபோல டீர்மிட் ஜெரமையா ஆனான்; கொனஹூர் கொர்னீலியஸ் ஆனான். ஸ்காட்லாந்தின் எஃகன், கிரேக்கக் காவியத்து ஹெக்டராக மாறினான். தொரொமொட் நார்மனாக மாறினான். இந்த ஜோடிகளுக்குள் வேரிலோ பொருளிலோ உறவு கிடையாது. இப்படி மூடுண்டு கிடக்கும் பெயர்கள் ஏராளமாக இருக்கும்போது, புதிதாக ஒன்றைச் செய்யத் தேவையே இல்லை.

முதலில் எந்த கேலிக் என்று முடிவு செய்யுங்கள். அயர்லாந்தின் ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துக் கிளைகள். வேல்ஸ் மொழி வேறு கிளை. டிலன், ரீஸ் போன்ற வேல்ஸ் பெயர்களைக் கேலிக் என்று போடும் பட்டியலை அங்கேயே மூடிவைத்துவிடலாம். நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் இடும் கோட்டையும் பாருங்கள். ஐரிஷில் அதன் மேல்முனை வலப்பக்கம் சாயும், ஸ்காட்லாந்து கேலிக்கில் இடப்பக்கம் சாயும். இரண்டையும் கலந்து போட்டிருக்கும் இடத்தில் பெயரின் பொருளையும் நம்ப வேண்டாம்.

அடுத்த கேள்வி, எங்கே அரிது என்பது. ரீயன், ஒஷீன், ஃபின், தைக், கிலியன் எல்லாம் வெளியூர்க்காரருக்கு அபூர்வமாகத் தோன்றலாம். டப்ளின் வகுப்பறையில் அவை சாதாரணப் பெயர்கள். ஐரிஷ் பெயரான லியம், 2017 முதல் அமெரிக்காவில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்படும் பெயராக இருந்துவருகிறது. ஆகவே குழந்தை எங்கே வளரப்போகிறதோ அந்த நாட்டுப் பட்டியலைப் பாருங்கள். அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. குறைந்தது 3 குழந்தைகளுக்கு வைத்த பெயர்தான் அதில் இடம்பெறும். எல்லாரும் பட்டியலின் உச்சியைப் பார்க்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது அடிவாரம். அங்கே இருக்கும் பெயர் அரிது, ஆனாலும் உயிரோடிருக்கிறது. அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த சில குடும்பங்களாவது இருக்கின்றன.

பட்டியலைத் தாண்டித் தேட விரும்பினால், முதலில் குடும்பப் பெயர்களைத் தோண்டுங்கள். இதைவிட நல்ல சுரங்கம் இல்லை. ஐரிஷ் குடும்பப் பெயரின் முன்னால் வரும் ‘ஓ’ வழித்தோன்றலையும் ‘மாக்’ மகனையும் குறிக்கும். அதன் பின்னால் ஒரு மூதாதையின் பெயர், ஆறாம் வேற்றுமையில், நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கிறது. லார்க்கின் என்ற குடும்பப் பெயருக்குள் லோர்க்கான் இருக்கிறான். 1180இல் மறைந்து 1225இல் புனிதர் பட்டம் பெற்ற டப்ளின் பேராயரின் பெயர் அது. ஃபீலன், வீலன் என்ற குடும்பப் பெயர்களுக்குள் ஓநாய்க்குட்டி என்று பொருள்படும் ஃபேலான் இருக்கிறான். மெக்லாக்லினுக்குள் லொஃக்லன், அதாவது வைக்கிங்குகளின் நாட்டான். கேசிக்குள் கஹசஃக், விழிப்பானவன். குடும்பப் பெயரில் நிற்கும் வடிவத்தை அப்படியே எடுத்து வைத்துவிடக்கூடாது. வேற்றுமையை நீக்கி எழுவாய் வடிவத்துக்குப் போக வேண்டும். பாட்ரிக் வுல்ஃப் 1923இல் வெளியிட்ட ஐரிஷ் பெயர்த் தொகுப்பும், டொனஹா ஓ கொரான், ஃபிடெல்மா மக்வயர் இருவரும் 1981இல் கொண்டுவந்த கேலிக் ஆட்பெயர் நூலும் இதற்குத் துணை செய்யும். அடுத்த சுரங்கம் புனிதர்கள். அரான் தீவின் ஏனா, அயோனாத் தீவின் ஓரான், பிரான்ஸ் சென்று தோட்டக்காரர்களின் காவலராகப் போற்றப்படும் ஃபீயஃக்ரா ஆகியோர் பெயர்கள் அழகும் சுருக்கமும் உள்ளவை.

பெயர் கிடைத்ததும் எழுத்தைச் சோதிக்க வேண்டும். இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக்கூடாது. ஐரிஷில் உயிரெழுத்துகள் இரு அணிகள்: ஏ, ஓ, யூ என்று ஆங்கிலத்தில் பெயர் சொல்லும் மூன்றும் அகன்றவை; ஈ, ஐ இரண்டும் ஒடுங்கியவை. சொல்லின் நடுவில் வரும் மெய்யின் இருபுறமும் ஒரே அணி நிற்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதி. டீர்னான் என்ற பெயரை டி-ஐ-ஈ-ஆர்-என்-ஏ-என் என்று எழுதினால் மெய்களுக்கு முன்னால் ஒடுங்கிய ஈ, பின்னால் அகன்ற ஏ. விதி உடைகிறது, அது ஆங்கிலப்படுத்திய வடிவம். முன்னால் இருக்கும் ஈ-யை ஏ ஆக்கி, பின்னால் வரும் ஏ-க்கு நெடில் கோடு இட்டால் ஐரிஷ் கிடைக்கும். கூட்டுப் பெயர்களில் விதிவிலக்கு உண்டு. கே, ஜே, வி, டபிள்யூ, ஒய் ஆகிய எழுத்துகள் மரபான ஐரிஷ் நெடுங்கணக்கிலேயே இல்லை. கே-யில் தொடங்கும் கிலியனும் ஆங்கில ஆடை கட்டிய கிலியன்தான்.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது: எழுத்தும் ஒலியும் இவ்வளவு விலகி நிற்கும் பெயரைக் குழந்தை தலையில் கட்டலாமா, வாழ்நாள் முழுக்க அவன்தானே எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும்? கவலை நியாயமானது. ஆனால் எழுத்தைத் திருகுவதால் அது தீராது, ஐரிஷ் தெரிந்தவர்களிடமும் விளக்கம் சொல்லும் நிலைதான் கூடுதலாக வரும். 2024இல் ஆஸ்கர் வாங்கிய கிலியன் மர்ஃபியின் பெயர் சி-யில்தான் தொடங்குகிறது. ‘சிலியன்’ என்று வாசித்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். அப்படியும் தயக்கம் இருந்தால், எழுத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி குறைந்த பெயரையே தேர்ந்தெடுங்கள். லோர்க்கான், கொனல், செனன் போன்றவற்றை வெளியூர்க்காரரும் ஏறக்குறையச் சரியாகவே வாசிப்பார். பழைய நீண்ட எழுத்துக்கூட்டல் பயமுறுத்தினால், ஐரிஷ்காரர்களே சுருக்கிக்கொண்ட இன்றைய வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். ரூரி, தோனல் போன்றவற்றுக்கு உண்டு.

பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டும் பாருங்கள். கண்ணன் நம்மிடம் கண்ணா ஆவதுபோல, கேலிக்கிலும் விளி வேற்றுமை உண்டு. அங்கே முதல் எழுத்தே மாறும். ஸ்காட்லாந்தின் ஷேமஸைக் கூப்பிடும்போது ‘அ ஹேமிஷ்’. அந்த விளி வடிவமே பிறகு ஹேமிஷ் என்று தனிப்பெயராகிவிட்டது. ஃபேலானையும் ஃபீயஃக்ராவையும் கூப்பிட்டால் முதலில் உள்ள ஃப ஒலி மறைந்தே போகும். அந்த ஒலிக்காகவே பெயரைப் பிடித்தவர்கள் இதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. லோர்க்கான், ரூரி போன்றவற்றின் தொடக்கம் பெரிதாக மாறாது. வட்டார வேறுபாடும் உண்டு: அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதியில் ஃபேலான், கோனாக்ட் பகுதியில் ஃபீலான். இரண்டும் சரி, வீட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பெயரின் நிழலையும் பார்க்க வேண்டும். தைக் அயர்லாந்தில் மதிப்பான பெயர். ஆனால் அதன் ஆங்கில வடிவம் வட அயர்லாந்தில் கத்தோலிக்கரை இழிவாகக் குறிக்கும் வசையாக இருந்துவந்திருக்கிறது. பெயர் ஆணுக்கே உரியதாக நிற்கிறதா என்றும் பாருங்கள்: பழைய ஐரிஷ் காதல் கதை ஒன்றின் நாயகனான நீஷாவின் பெயரை இன்று பெண் குழந்தைகளுக்கும் வைக்கிறார்கள்.

வம்சாவளியில் ஐரிஷோ ஸ்காட்டிஷோ இல்லாதவர்கள் இப்பெயர்களை வைக்கலாமா என்றும் கேட்கப்படுகிறது. வைக்கலாம். 2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். அவர்களுடைய பெயரைச் சரியாக எழுதி, சரியாக ஒலிப்பவர் யாராக இருந்தாலும் அந்த மொழிக்கு நல்லதையே செய்கிறார். அதனால் முடிவெடுக்கும் முன் ஐரிஷ் அல்லது கேலிக் பேசும் ஒருவரிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறப்பைப் பதிய ஸ்காட்லாந்தில் 21 நாள், அயர்லாந்தில் 3 மாத அவகாசம் இருக்கிறது. பதிவாளர் முன் கையெழுத்திடும்போது நெடில் கோடு விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவது அலைச்சல்.