அம்மாவை அழைத்துவர எந்த அட்டை?

பூன் லே எம்ஆர்டி நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே மாலை நேரத்தில் நின்றால் தமிழ் காதில் விழாமல் இருக்காது. துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை முடிந்து திரும்பும் ஊழியர், ஜூரோங் தீவில் பணிபுரியும் பொறியாளர், 179ஆம் பேருந்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஆய்வாளர், பக்கத்து வீவக அடுக்குமாடியில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் நிரந்தரவாசி என்று எல்லாரும் அங்கே ஒரே வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் ஊரில் வயதான பெற்றோர் உண்டு. அவர்களை அழைத்துவந்து வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எந்த அட்டை நல்லது என்று கேட்பதற்கு முன், நம் கையில் என்ன அட்டை இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒர்க் பெர்மிட் ஊழியருக்குக் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ளும் வழியே இல்லை. அவருடைய அம்மா சுற்றுலா விசாவில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மனிதவள அமைச்சு ஒரு சம்பளக் கோடு போட்டிருக்கிறது. மனைவி, பிள்ளைகளை அழைக்க மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் அழைக்க அது 12,000 வெள்ளி. இந்தக் கோடு படிப்படியாக மேலே போனது. 2015 செப்டம்பரில் 10,000 ஆனது, 2018 ஜனவரியிலிருந்து 12,000. மிகைநேரப் படியையும் போனஸையும் கூட்டி 12,000 காட்டினால் செல்லாது, மாதாமாதம் மாறாமல் வரும் சம்பளம்தான் கணக்கு. விண்ணப்பிப்பதும் நீங்கள் அல்ல, உங்கள் நிறுவனம். விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி, அனுமதி கிடைத்தால் வழங்கும்போது 225 வெள்ளி.

நிரந்தரவாசிக்கும் குடியுரிமை பெற்றவருக்கும் இந்தச் சம்பளக் கோடு கிடையாது. 21 வயது நிரம்பியிருந்தால் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்திடம் நேரடியாகவே பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். ஆணையம் வருமானத்தைப் பார்க்காது என்று நினைத்துவிட வேண்டாம். இத்தனை வெள்ளி என்று எண் சொல்லாமல் பார்க்கும். பெற்றோருக்கு நிரந்தரவாசம் கேட்கும் உரிமையோ குடியுரிமை உள்ள பிள்ளைக்கு மட்டுமே உண்டு. நிரந்தரவாசியான மகன் தன் மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் அதைக் கேட்கலாம், அம்மாவுக்குக் கேட்க முடியாது. இதைத் தெரியாமல் ஊரில் வீட்டை விற்கப் பேச்சு நடத்தும் அளவுக்குப் போனவர்களும் உண்டு.

ஆக, மேசையில் இருப்பவை மூன்று: குறுகிய கால வருகை, நீண்டகால வருகை அனுமதி, நிரந்தரவாசம்.

குறுகிய கால வருகையை அலட்சியமாகப் பார்க்கிறவர்கள் அதிகம். என் கணிப்பில் பாதிக் குடும்பங்களுக்கு அதுவே போதும். மருமகள் பிள்ளைப்பேறு, பேரனின் முதல் வகுப்பு, தைப்பூசம் என்று வருகிற தேவைக்கு ஒரு வருகை சரியாக இருக்கும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு விசா வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வேண்டாம். விசாவுக்கு இங்குள்ள குடிமகனோ நிரந்தரவாசியோ சிங்பாஸ் மூலம் விண்ணப்பிக்கலாம், அல்லது தமிழ்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் கொடுக்கலாம்.

குழப்பம் வருவது விசாவின் காலத்துக்கும் தங்கும் காலத்துக்கும் இடையில்தான். விசா இரண்டு ஆண்டுக்குச் செல்லும் என்று அச்சிட்டிருக்கும். அதற்கு இரண்டு ஆண்டு இங்கே தங்கலாம் என்று பொருளில்லை. எத்தனை நாள் என்பதை ஒவ்வொரு முறையும் நுழைவின்போது அதிகாரி முடிவுசெய்வார், பெரும்பாலும் 30 நாள். கடவுச்சீட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை. வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புகிறோமே, அதில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் அனுமதி வந்து சேரும். அங்கே முகவரின் மின்னஞ்சலைப் போடாமல் உங்களுடையதைப் போடுங்கள். கடைசி நாள் எது என்று தெரியாமல் அம்மா கூடுதலாகத் தங்கிவிட்டால் அது குற்றம், அடுத்த வருகைக்கும் தடையாக வரும். பெற்றோராக இருப்பதால் இங்குள்ள பிள்ளையின் ஆதரவோடு நீட்டிப்புக் கேட்கலாம், மொத்தம் 89 நாள் வரை. 89 நாள் இருந்துவிட்டு, ஊருக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பிவருவதை வழக்கமாக்கினால் முகப்பில் கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

நீண்டகால வருகை அனுமதி என்பது தொடர்ந்து தங்க வேண்டியவர்களுக்கு. அப்பா போய்விட்டார், அம்மா தனியே இருக்கிறார், ஊரில் பார்த்துக்கொள்ள வேறு பிள்ளை இல்லை என்ற நிலைக்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி. ஓராண்டு, இரண்டாண்டு என்று கிடைக்கும், புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் காசநோய், எச்ஐவி சோதனைகள் கட்டாயம். விண்ணப்பத்தை மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். எம்பிளாய்மென்ட் பாஸ் மூலம் வாங்கியதென்றால் அது உங்கள் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போன அன்று அம்மாவின் அட்டையும் போகும். நிரந்தரவாசியின் பெற்றோருக்கு அந்தக் கவலை இல்லை. சம்பளம் 12,000ஐத் தாண்டியிருந்தாலும், நிரந்தரவாச விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அந்த முடிவு வரும்வரை அம்மாவைக் குறுகிய வருகைகளில் வரவழைப்பது புத்திசாலித்தனம்.

இப்போது, எல்லாவற்றையும் தீர்மானிக்கிற விஷயம்: மருத்துவச் செலவு.

பூன் லேயில் இருப்பவருக்கு மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 61இல் பயனியர் பலதுறை மருந்தகம் இருக்கிறது, ஜூரோங் ஈஸ்ட்டில் 2015இல் திறந்த இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை இருக்கிறது. ஆனால் வருகை அனுமதியில் இருக்கும் அம்மாவுக்கு அங்கே அரசாங்க மானியம் ஒரு காசும் கிடையாது, முழுக் கட்டணம். குடிமக்களுக்கு பி2, சி வகுப்பு வார்டுகளில் வருமானத்தைப் பொறுத்து 80 விழுக்காடு வரை, நிரந்தரவாசிகளுக்கு 50 விழுக்காடு வரை மானியம் உண்டு. 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தாமாகவே சேர்ந்துவிடுவார்கள், ஏற்கெனவே நோய் இருந்தாலும் உண்டு. கடுமையான நோய் இருந்தால் முதல் பத்து ஆண்டுக்குச் சந்தா 30 விழுக்காடு கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். வருகை அனுமதிக்காரருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. உறவினர் சிலர், நீண்டகால வருகை அனுமதியின் ‘பிளஸ்’ அட்டை வாங்கினால் மானியம் வருமே என்பார்கள். அந்த அட்டை குடிமக்களின் கணவன், மனைவிக்கு மட்டுமே, பெற்றோருக்கு இல்லை.

அப்படியானால் தனியார் காப்புறுதி. எழுபதைத் தொட்ட, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு அது கிடைப்பதே சிரமம். கிடைத்தாலும் இருக்கிற நோய்களைத்தான் முதலில் விலக்குவார்கள். ஊரிலிருந்து எடுத்துவரும் பயணக் காப்புறுதியும் அப்படித்தான், பழைய நோய்க்குப் பணம் தராது.

ஒரே ஒரு ஆறுதல் உண்டு, பலருக்குத் தெரியாது. மத்திய சேமநிதியில் உங்கள் மெடிசேவ் கணக்கில் உள்ள பணத்தைப் பெற்றோரின் மருத்துவமனைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம், அவர்கள் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டியதில்லை. தாத்தா பாட்டி, உடன்பிறப்புகளுக்குத்தான் அந்த நிபந்தனை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்பு இருப்பதால், மானியமில்லாத ரசீதில் அது ஒரு பகுதியைத்தான் அடைக்கும்.

எனவே நான் சொல்வது இது. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் அம்மாவை ஊரிலேயே முழுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இதயம், சிறுநீரகம், கண்புரை, மூட்டு என்று எதில் கை வைக்க வேண்டியிருக்கிறதோ அதை மதுரையிலோ திருச்சியிலோ முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சையில் இருப்பவரை மானியமில்லாத அட்டையில் அழைத்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாசம் குறைவு என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் எடுக்கும் முடிவு, ஆறே மாதத்தில் வீட்டில் சண்டையாக மாறும்.

நிரந்தரவாசம் கிடைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். மானியம், மெடிஷீல்டு லைஃப், 60 வயதுக்கு மேல் பேருந்திலும் ரயிலிலும் மூத்தோர் சலுகைக் கட்டணம். ஆனால் அதற்கு மகனோ மகளோ முதலில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த அட்டையை வைத்து ஊரில் விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசுரிமையில் வருவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் அட்டைக்காக மட்டும் குடியுரிமை மாறலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். ஏற்கெனவே குடியுரிமை பெற்று, இங்கேயே வாழ்ந்து முடிப்பது என்று தீர்மானித்தவர்களுக்கு மட்டும் இது சரியான வழி. விண்ணப்பக் கட்டணம் 100 வெள்ளி, திரும்ப வராது. முடிவு வர ஏறத்தாழ ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். கிடைத்தே தீரும் என்று எந்த முகவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். நிரந்தரவாசியான அம்மா வெளிநாடு போகும்போது மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்டில் பாதி ஊரில் இருக்கும் எண்ணமுள்ளவருக்கு இது ஒரு தொல்லைதான்.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர் நடுவில் நிற்கிறது. அமெரிக்காவில் 21 வயது நிரம்பிய குடிமகன் பெற்றோருக்கு மனு செய்தால் ஆண்டு உச்சவரம்பு இல்லை. கனடாவின் சூப்பர் விசாவில் ஒரே வருகையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம், ஆனால் 1,00,000 கனடிய டாலருக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். பிரிட்டன் 2012இல் விதியை இறுக்கிய பிறகு அங்கே பெற்றோரை அழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். இங்கே ஊர் நான்கு மணி நேர விமானத்தில் இருக்கிறது. திருச்சிக்கே நேரடி விமானம் உண்டு. டொரொன்டோவில் இருப்பவருக்கு இல்லாத இந்த வசதிதான் வந்து போவதை இங்கே ஒரு நல்ல வழியாக்குகிறது.

எந்த அட்டையானாலும் விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பெயர். நீங்கள் இவருடைய பிள்ளை என்பதற்கு ஆணையம் கேட்பது உங்கள் பிறப்புச் சான்றிதழ், அதில் பெற்றோர் பெயர் இருக்க வேண்டும். கிராமத்தில் பிறந்த பலருக்குப் பிறப்பே பதிவாகியிருக்காது, அல்லது குழந்தையின் பெயர் இல்லாமல் பதிவாகியிருக்கும். பதிவான சான்றிதழில் அம்மா ‘முத்துலட்சுமி’, ஆதாரில் ‘முத்துலெட்சுமி’, கடவுச்சீட்டில் கணவர் பெயரும் சேர்ந்து ஒரே சரமாக நிற்கும். அப்பாவுக்கு ஒரு இடத்தில் தலைப்பெழுத்து, இன்னொரு இடத்தில் அது விரிந்த முழுப்பெயர். ஊரில் இதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ஆணையத்தின் கணினிக்கு அது இரண்டு ஆள். பிறப்பு பதிவாகவில்லை என்றால் ஓராண்டு தாண்டிய பதிவுக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். கடவுச்சீட்டை முதலில் சரிசெய்து, மற்ற ஆவணங்களை அதற்குப் பொருத்துவது சுலபம். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழுக்கு முறையான மொழிபெயர்ப்பும் வேண்டும். பூன் லேயிலிருந்து ஆணையம் இருக்கும் லாவண்டர் நிலையத்துக்கு ரயில் மாறாமலே போய்விடலாம், ஆனால் காகிதம் சரியில்லாமல் எத்தனை முறை போனாலும் பயனில்லை.

இத்தனை கணக்கிலும் விடுபடுகிறவர் அம்மாதான். முற்றம் வைத்த வீட்டில் இருந்தவருக்குப் பன்னிரண்டாம் மாடி சில வாரம் புதுமையாக இருக்கும். மகனும் மருமகளும் ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டால் அவர் என்ன செய்வார்? ஜூரோங் ஈஸ்ட் ஸ்திரீட் 21இல் அருள்மிகு முருகன் கோவில் இருக்கிறது. தேக்காவுக்குப் போக ஊட்ரம் பார்க்கில் ரயில் மாற வேண்டும், அதற்கு யாராவது நாலைந்து முறை கூட்டிப்போய்ப் பழக்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் அழைக்கிறீர்கள் என்றால் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சம்பளமில்லாத இல்லப் பணிப்பெண் போல ஓராண்டு ஓடியபின் அம்மா ஊருக்குப் போகிறேன் என்று அழுவது இந்த வட்டாரத்தில் கேட்காத கதை அல்ல. நீண்டகால அனுமதி கேட்குமுன் ஒரு முழு 89 நாள் வருகையை ஒத்திகையாக வைத்துப் பாருங்கள். பண்டிகையும் விடுமுறையும் இல்லாத மாதங்களில் வைத்தால்தான் நிலவரம் தெரியும்.

ஓய்வூதியம் வாங்குகிறவராக இருந்தால் கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது நவம்பரில், தமிழக அரசு ஓய்வூதியர்களுக்குத் தனி நேர்காணல் முறை உண்டு. கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகத்தில் இந்தச் சான்று பெற்று அனுப்பலாம், ‘ஜீவன் பிரமாண்’ செயலி வழியாகவும் செய்யலாம். செயலிக்கு அம்மாவின் கைபேசி எண் வேலைசெய்ய வேண்டும். அந்த எண்ணுக்கு ரோமிங் போட்டுவிட்டு அம்மாவை விமானம் ஏற்றுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபியும் அதே எண்ணுக்குத்தான் வரும்.