பட்டினியும் பெருந்தீனியும்

அடுகோடி பெங்களூர் நகரில் உள்ளது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அருகில் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அது மனநலத்திற்கான பெரிய மருத்துவமனை.

அங்கே மருத்துவம் பெறக்கூடிய தொல்லை ஒன்று உண்டு. பலர் அதை நோய் என்றே நினைப்பதில்லை. அது என்ன?

அடுகோடியில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடம்பு பெருத்துவிட்டதே என்று அவளுக்குக் கவலை. காலையில் வெறும் காபி குடிக்கிறாள். மதியமும் சாப்பிடுவதில்லை. இரவில் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். அவளுக்குப் பசி தாங்கவில்லை. சோறு, பன், மிக்சர் என்று கிடைத்ததை எல்லாம் வேகமாகத் தின்கிறாள். வயிறு வலித்தாலும் நிறுத்த முடியவில்லை. பிறகு வெட்கம், அழுகை. "நாளைக்குப் பட்டினிதான்" என்று முடிவு செய்கிறாள். மறுநாள் இரவும் அதே கதை.

இது பேராசையா? மன உறுதி இல்லாததாலா? இரண்டும் இல்லை.

1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஆன்சல் கீஸ் என்பவர் நடத்தினார். நல்ல உடல்நலம் உள்ள 36 ஆண்கள் தாமாகவே முன்வந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவுதான். எந்நேரமும் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பு. பிறகு போதிய உணவு கிடைத்தது. அப்போதும் சிலரால் தின்பதை நிறுத்த முடியவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பட்டினியே பெருந்தீனிக்கு வழி செய்கிறது.

கவலை பட்டினியில் விடுகிறது. பட்டினி பெருந்தீனியில் விடுகிறது. பெருந்தீனியால் வெட்கம். வெட்கத்தால் மீண்டும் கவலை. செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. இது ஆண்களுக்கும் வரும்.

என்ன செய்யலாம்?

• மூன்று வேளையும் நேரத்திற்குச் சாப்பிட வேண்டும். இரவு அதிகம் தின்றிருந்தாலும் காலை உணவை விடக்கூடாது.

• தின்றதை வாந்தி எடுக்கக்கூடாது. பேதி மருந்து சாப்பிடக்கூடாது. இரண்டும் ஆபத்து.

• எடையைக் குறைக்க வேண்டுமா? மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

• யாரையும் "குண்டு" என்று கேலி செய்யக்கூடாது. கேலி கவலையை வளர்க்கும்.

• அடிக்கடி இப்படி நேர்ந்தால் மனநல மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேசியே குணப்படுத்தும் முறைகள் உண்டு.

2022 அக்டோபரில் மைய அரசு ஒரு தொலைபேசி உதவியைத் தொடங்கியது. அதன் எண் 14416. கட்டணம் இல்லை. இரவிலும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

பேசிப் பார்ப்போம்

1. பட்டினி கிடந்தால் பெருந்தீனி வருவது ஏன்?
2. உங்கள் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்? அவருக்குப் போதிய உணவு மிஞ்சுகிறதா?