சிப்பி நொறுக்கிய சுறாவும் காரை மண்ணிற் கிடைத்த அதன் பற்களும்

பழந்தமிழ்ப் புலவர் சுறாவை நன்கறிந்தவர். புகார்ப் பரதவர் சினைச்சுறவின் கோட்டினை நட்டுத் தெய்வமாக வணங்கினமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. ஆயினும் அவர்தம் வலையில் என்றும் அகப்படாத சுறாவொன்று, மக்கட்குலம் தோன்றுதற்குப் பல கோடி ஆண்டுகட்கு முன்னரே, காவிரிக்கு வடபாலுள்ள நிலத்தின்மீது பரந்துகிடந்த கடலில் உலவி மறைந்தது. அதனை டைக்கோடஸ் என்பர். மடிப்புப்பல் என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். 1830-களில் அதனை இட்டவர் சுவிட்சர்லாந்திற் பிறந்த லூயி அகாசி என்னும் பேரறிஞர்.

அக்கடலின் சுவடு இன்றும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் சிற்றூரின் புறத்தே தெளிவாகக் காணப்படுகின்றது. செங்களிமண் மேடுகள் மழைநீரால் அறுப்புண்டு ஓடைகளாய்ப் பிளந்து கிடக்கும். துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகள் எங்கணுஞ் சிதறியிருக்கும். இவை கணவாய் மீனின் பண்டை உறவினங்களின் எச்சங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பகுதியை ஆராய்ந்த பிளான்போர்டு துரை, இக்கடற்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். காரை மண் ஊட்டத்தூர்த் தொகுதியைச் சார்ந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையுடையது. எமது கூரத்துச் செப்பேடு பரமேச்சுரவர்மப் பல்லவன் காலத்தது; 1,300 ஆண்டுப் பழமை என்று பெருமையுடன் கூறிக்கொள்வோம். அவ்வளவைக் கோல் ஈண்டு உதவாது.

இம்மண்ணிலிருந்து கிடைத்த டைக்கோடஸ் பற்களை இந்திய ஆய்வாளர் சிலர் 2012-இல் விளக்கி வெளியிட்டனர். அவை டைக்கோடஸ் டெகரன்ஸ் என்னும் இனத்தின. பிற சுறாக்கள் பலவற்றின் பல் கத்திபோற் கூரியது. இதன் பல்லோ குறுகிய, அகன்ற, கட்டையான பல். மேற்புறத்தே குறுக்கு வரிகள் நெருங்கி ஓடும். இவ்வினத்தில் அவ்வரிகள் பல்லின் ஓரம்வரை இறங்கிச் செல்கின்றன. அம்மியின் முகத்தை உளியாற் கொத்தி வைப்பது எதற்கென்று நம் வீட்டுப் பெண்டிர் அறிவர்: வழவழப்பான கல்லில் மிளகு வழுக்கியோடும். சிப்பியும் அவ்வாறே வழுக்காதபடி இவ்வரிகள் பற்றிக்கொண்டன போலும். அம்மி தேய்ந்தால் மீண்டுங் கொத்த ஆள் வேண்டும். சுறாவுக்கோ தேய்ந்த பல் விழ, பின்வரிசைப் பல் முன்வந்து நிற்கும். வாயொன்றில் நூற்றுக்கணக்கான பற்கள் கற்பாவிய தளம்போல் அடுக்கப்பட்டிருந்தன.

சுறாவின் உடற்கூடு எலும்பன்று, குருத்தெலும்பு. அது விரைவில் அழுகிப்போம். எஞ்சுவது பல்லே. வளையாபதியும் குண்டலகேசியும் சிற்சில பாடல்களாக மட்டும் எஞ்சி நிற்க, முழுக் காப்பியத்தை அவற்றிலிருந்து ஊகிக்க முயலும் எம்போன்ற தமிழ் மாணவர்க்கு இத்துன்பம் புதிதன்று. பல்லின் வடிவை மட்டுங் கொண்டு, டைக்கோடஸ் கடலடியில் மெல்ல ஊர்ந்து சிப்பி தின்ற மந்தமான மீன் என்று அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். மெக்சிக்கோ நாட்டின் வயெசியோ என்னுமிடத்துச் சுண்ணாம்புக் கற்களில் முழு உடற்சுவடுகளே வெளிப்பட்டன. 2024-இல் அவை ஆராய்ந்து வெளியிடப்பெற்றன. அவ்வுடலோ விரைந்து நீந்துதற்கேற்ற வடிவினது. பெருவெள்ளைச் சுறா சார்ந்த வரிசையில் இதுவும் அடங்கும். அடிமண்ணைக் கிளறாமல், நடுக்கடலில் ஆமைகளையும் அம்மோனைட்டுகளையும் துரத்திப் பிடித்து நொறுக்கியிருக்கும் என்பது இப்போதைய கொள்கை. இவ்வினங்களுட் பெரியன 10 மீட்டர் நீளம்வரை வளர்ந்திருக்கலாமென்ப. 7½ கோடி ஆண்டுகட்கு முன் இம்மரபு முற்றும் அழிந்தது.

அம்மோனைட்டு யாதெனின், வைணவ இல்லங்களிற் போற்றப்படும் சாளக்கிராமத்துள் சக்கரம்போற் சுருண்டிருப்பது அதுவே. கூரத்தாழ்வான் பிறந்த ஊரில் வாழும் எமக்கு அவ்வடிவம் அயலன்று. கண்டகியாற்றுச் சாளக்கிராமம் இமயத்துக் கடற்பாறையினின்று வருவது. காரை மண்ணிலும் அதன் சுற்றத்தார் மிகுதியாக உளர். உண்ட மீனின் பல்லும் உண்ணப்பட்ட இனத்தின் ஓடும் ஒரே மண்ணிற் கிடப்பது ஆய்வாளர்க்குப் பெரும் பேறு.

அப்பேறு நிலையானதன்று. ஒவ்வொரு மழையும் சிலவற்றை வெளிப்படுத்துகின்றது. சிலவற்றை அடித்துச் செல்கின்றது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைக்குச் செல்லும்போது அதனுள் உறைந்த சிப்பிகளும் உடன் அரைபடுகின்றன. ஆலையால் பலர் வாழ்கின்றனர். அதனைப் பழித்தல் எம் கருத்தன்று. உல்லாசப் பயணமாகச் சென்று கைக்கு அகப்பட்டதைப் பையிலிட்டு வருவோர் செய்யுங் கேடே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. எடுத்த இடமும் படுகையும் அறியப்படாத பல், ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் இழந்த தனிப்பாட்டை ஒக்கும்; அழகிருக்கும், காலம் அறியவொண்ணாது. காரைக்குச் செல்லும் மாணவர் அத்தகைய பல்லைக் காணின், அசைக்காமல், பக்கத்தே அளவுகோலொன்றை வைத்துப் படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, நிலநூல் ஆசிரியரிடம் தெரிவிப்பாராக. வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை முன்னரே பார்த்துச் செல்வோர்க்கு, கூழாங்கல்லையும் பல்லையும் வேறுபிரித்தறிதல் எளிதாகும்.